ரங்கநாயகி போட்ட பச்சை டிக்

சாஜிதா பேகத்தின் கைப்பையில் பவுடர் டப்பா இருந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்குரூடிரைவர் இரண்டு, தூசி தட்ட ஒரு பழைய பல் பிரஷ், மகள் ஆஃப்ரின் பாதி தின்றுவிட்டுக் கொடுத்த கடலை மிட்டாய், கசங்கிய பஸ் டிக்கெட்டுகள். அவ்வளவுதான். 1996-இல் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி அறையில் ஏசிக் காற்றில் உட்கார்ந்து டைப் அடிக்க நூறு பேர் கிடைப்பார்கள். பெட்டியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, ஒட்டடையை வழித்துப் போட்டுவிட்டு, செத்துக் கிடக்கிற மெஷினை எழுப்பி உட்கார வைக்கிற பெண் காந்திபுரம் வட்டாரத்தில் இவள் ஒருத்திதான். இல்லை என்பவர்கள் இன்னொருத்தியின் பெயரைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம்.

கோட்டைமேட்டில் பிறந்தவள். அத்தா ரசாக் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போவதற்கு முன்பே மகளிர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவை முடித்திருந்தாள். இருபத்திரண்டு வயதில் திருப்பூரில் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அந்த ஆளைப் பற்றி எழுதி இங்கே மையை வீணாக்கப் போவதில்லை. அண்ணன் ஷாஹுல் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். மூன்று அறை வீடு, அம்மா பாத்திமுத்துவையும் இவர்கள் இருவரையும் சேர்த்து ஏழு பேர். அண்ணனோ மதினியோ ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. சுளிக்காமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற சிரமம்தான் சாஜிதாவுக்குத் தாங்க முடியவில்லை. மதினி குழம்பில் கறித்துண்டைத் தேடிப்பிடித்து ஆஃப்ரின் தட்டில் வைக்கும்போதெல்லாம் இவள் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிடுவாள். தன் சம்பளத்தில் தனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அதனால்தான்.

காந்திபுரத்தில் பங்காருசாமி என்பவர் மாடியில் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை. காலையில் பாடம் எடுக்க வேண்டும், மதியத்துக்கு மேல் மில் ஆபீஸ், பம்ப்செட் கம்பெனி என்று போய்ப் பழைய மெஷின்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். அங்கே அவளோடு வேலை செய்தவள் ரங்கநாயகி. அன்னூர்க்காரி, சாஜிதாவைவிட நான்கு வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு, வெளியே தேன் ஒழுகும் கோவைத் தமிழ். மெஷினைத் திறக்கச் சொன்னால் நடுங்குவாள். ஆனால் திரையில் ஓடுகிற சமாச்சாரம் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. வாடிக்கையாளரிடம் பேசச் சொன்னால் முறைத்துக்கொண்டு வந்தவன் சிரித்துக்கொண்டு போவான். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு எஞ்சினியர் என்று பங்காருசாமி சொல்வார். சம்பளம் மட்டும் இரண்டு அரை எஞ்சினியருக்குக் கொடுப்பார்.

நோன்பு மாதத்தில் ரங்கநாயகி சாஜிதாவின் முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மாடிப்படிக்குக் கீழே போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குடித்துவிட்டு வருவாள். "அட, இங்கயே குடி கண்ணு, எனக்கென்ன" என்று சாஜிதா எத்தனையோ தடவை சொன்னாள். "அதெப்படிங்க்கா, மனசு கேக்குமுங்களா?" என்பாள். சாஜிதா தூக்குப்போசியில் கொண்டுவருகிற நோன்புக் கஞ்சியைப் பாதியாகப் பங்கு போட்டு அன்னூர் பஸ்ஸுக்கு எடுத்துப்போவாள். ஆஃப்ரினுக்குத் தன்னைச் சித்தி என்று கூப்பிடக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். இப்படிப்பட்டவளை நம்பியது தப்பு என்று யாராவது சாஜிதாவிடம் வந்து ஞானம் பேசினால், பேசுகிறவர்தான் தப்பு.

அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. அது பிறந்த கதை இது. சென்டருக்கு வந்த புதிதில் காரமடையில் ஒரு கம்பெனிக்கு ஏழு பிளாப்பி எழுதி எடுத்துப்போனாள் சாஜிதா. தானே எழுதி, தானே சரிபார்த்தவை. அங்கே போய்ப் போட்டால் நான்காவது காலி. அத்தனை பேர் முன்னால் அசடு வழிந்துவிட்டு வந்தாள். தான் எழுதியதைத் தானே பார்த்தால் கண் சலுகை காட்டிவிடும் என்று அன்றைக்கு இருவரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி எழுத வேண்டும், மற்றவள் சரிபார்க்க வேண்டும். எழுதியவள் அதைத் திரும்பத் தொடக் கூடாது. சரியாக இருந்தால் லேபிளின் மூலையில் பச்சை மையில் ஒரு டிக், பக்கத்தில் தேதியும் நேரமும். ஒரே பெயரில் இரண்டு பிளாப்பி கிடந்தால் எது பிந்தியது என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக நேரம். பச்சை டிக் விழுந்தால் அது குர்ஆன் மேல் சத்தியம் மாதிரி, அன்னூர் மாரியம்மன் மேல் சத்தியம் மாதிரி. நான்கு வருடத்தில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

95 டிசம்பரில் பங்காருசாமி இருவரையும் கூப்பிட்டு மார்ச்சோடு கடையை மூடப்போகிறேன் என்றார். தெருவுக்குத் தெரு பெரிய கம்பெனிகளின் கிளைகள் வந்துவிட்டன, இவரிடம் படிக்க யாரும் ஏறி வருவதில்லை. அந்த நேரம் பார்த்து போத்தனூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேண்டும் என்று சேதி வந்தது. நிரந்தர வேலை. ஒரே ஒரு இடம்.

"நீங்க எழுதிப் போடுங்க்கா" என்றாள் ரங்கநாயகி, சாஜிதா வாயைத் திறப்பதற்கு முன்பே. "எனக்கெதுக்குங்க வேலை? எங்கப்பா வைகாசிக்குள்ள கல்யாணத்தை முடிச்சுப்போடோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. ஆஃப்ரின் கண்ணுக்காவது அது உங்களுக்குத்தான் கெடைக்கோணும்."

"நெசமாத்தான் சொல்றியா ரங்கா?"

"சத்தியமாங்க்கா."

சாஜிதா எழுதிப் போட்டாள். கையோடு போத்தனூரில் வீடும் பார்த்தாள். ரயில்வேயில் ரிட்டயர்டான காளிச்சாமி என்பவரின் லைன் வீடு. ஒரே அறை, அடுப்படி, பின்னால் குழாய். ஜன்னலில் நின்றால் ரயில் தெரியும். ரங்கநாயகியையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அவள் ஆஃப்ரினைத் தூக்கி ஜன்னலில் நிறுத்தி, போகிற பெட்டிகளை எண்ணச் சொன்னாள். அடுப்பை இந்த மூலையில் வையுங்கள், வெளிச்சம் வரும் என்று யோசனை சொன்னாள். மார்ச் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் விடாமல் வைத்திருப்பதாகக் காளிச்சாமி ஒத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தார் வேலையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஒரு மில் ஆபீஸிலிருந்து கழித்துப்போட்ட பத்து கம்ப்யூட்டர்களை நன்கொடையாக வாங்கிப் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் மில்காரர்கள் துடைத்து அழித்துவிட்டார்கள். "பிப்ரவரி அஞ்சாம் தேதி கமிட்டி வருது. அவங்க முன்னால மத்தியானத்துக்குள்ள பத்தும் ஓடணும். அதுதான் உங்களுக்குப் பரீட்சை" என்றார் தலைமையாசிரியை.

சாஜிதா ஒரு வாரம் முன்கூட்டியே போய்ப் பத்தையும் பார்த்து வந்தாள். எல்லாம் கிழங்கள். சிடி போட்டு ஏற்றலாமே என்று கேட்கிற புத்திசாலிகள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அந்த மெஷின்களுக்கு சிடி என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே ஒன்றும் இல்லாத பழைய மெஷினை ஆன் செய்தால் அது முதலில் ஏ டிரைவைப் பார்க்கும். அங்கே துவக்கிவிடுகிற பிளாப்பி இருந்தால் எழும், இல்லையென்றால் கட்டைதான். பத்தில் ஆறு மெஷினில் ஏ டிரைவ் சின்ன பிளாப்பி போடுவது. அவற்றில் கவலையில்லை. மீதி நான்கில் ஏ டிரைவ் பெரியது, அப்பளம் போல வளைகிற ஐந்தேகால் இஞ்ச் பிளாப்பி போடுவது. சின்னது பக்கத்தில் பி டிரைவாக இருந்தது. சின்னதில் என்ன வைத்தாலும் அந்த நான்கும் ஆரம்பத்தில் திரும்பிப் பார்க்காது. பெரியதில் ஒன்றைப் போட்டு எழுப்பிவிட்டால் பிறகு சின்னதிலிருந்து எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். வேறு வழியும் உண்டு. பெட்டியைத் திறந்து, கேபிளை மாற்றிப் போட்டு, சின்னதை ஏ ஆக்கலாம். பழைய கேபிளின் முனைகள் இரண்டும் இரண்டு விதம் என்பதால் ஒவ்வொரு மெஷினுக்கும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி எழுதலாமா என்றால், அந்தக் காலத்து டிஸ்க் தன் சொந்தக் கார்டைத் தவிர வேறு எதற்கும் வழிவிடாது. ஆகவே ஒரு பெரிய பிளாப்பிதான் வேண்டும்.

பெரிய பிளாப்பி அதற்குள் அருகிவிட்டது. அண்ணன் கடையில் ஒரு வங்கிக் கழிவு மூட்டையைக் கிளறி ஐந்து எடுத்தாள். நான்கு ஃபார்மட் ஆகும்போதே கர்ரென்று இழுத்துக்கொண்டு நின்றுவிட்டன. ஐந்தாவது ஒழுங்காக முடிந்தது. வியாழக்கிழமை அதில் துவக்கக் கோப்புகளை எழுதி, யாரும் அழித்துவிடாதபடி ஓரத்து வெட்டில் வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டி, மற்ற பிளாப்பிகளோடு ரங்கநாயகியின் மேஜைமேல் வைத்தாள். துவக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் எழுதியவள் திரும்பத் தொடக் கூடாது என்பது சட்டமல்லவா? தொட்டால் ரங்கநாயகியை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவள் தொடவில்லை.

சனிக்கிழமை மதியம் அவள் போத்தனூரில் காளிச்சாமி வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பேசி முடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லா பிளாப்பியும் ரப்பர் பேண்ட் போட்டுத் தயாராக இருந்தன. எல்லாவற்றின் மூலையிலும் பச்சை டிக். பெரியதன் மேல் "3.2.96, 4.25" என்று ரங்கநாயகியின் முத்து முத்தான எழுத்து.

"எல்லாம் பாத்துட்டியா கண்ணு?"

"பாத்துப்போட்டேனுங்க்கா. நீங்க நிம்மதியா போங்க. இல்ல, தொணைக்கு நானும் வாரேன். திங்கக்கெழம எனக்கு ஒண்ணும் வேலையில்லீங்."

கேட்காமலே வருகிறேன் என்றாளே என்று சாஜிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை நினைத்தால் பிற்பாடு அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வரும்.

திங்கட்கிழமை. நோன்பின் நடு நாட்கள், வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. தலைமையாசிரியை, தாளாளர், மில்லிலிருந்து ஒருவர், நாலைந்து டீச்சர்கள் என்று சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்ன டிரைவ் மெஷின்கள் ஆறும் பதினொரு மணிக்குள் ஒவ்வொன்றாக எழுந்தன. சாஜிதா பிளாப்பியை மாற்றிப் போட்டுக்கொண்டே போக, ரங்கநாயகி கமிட்டிக்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழாவது மெஷினில் பெரிய பிளாப்பியைப் போட்டு, டிரைவின் வாய்க் கொக்கியைத் திருப்பி, ஸ்விட்சைத் தட்டினாள் சாஜிதா. டிரைவ் இரண்டு தடவை முனகியது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

வெளியே எடுத்து, உதறி, திரும்பப் போட்டாள். அதே வரி. பிரஷ்ஷால் டிரைவின் வாயைத் துடைத்துப் போட்டாள். அதே வரி. எட்டாவது மெஷினுக்கு ஓடினாள். அங்கேயும் அதேதான். நோன்பு வாய், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிளாப்பியின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, டிக் இருக்கிறதே! டிரைவ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். இரண்டு டிரைவும் ஒரே நாளில் கெடுமா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் மண்டி போட்டு, கேபிளை மாற்றிவிடலாம் என்று பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மில்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"அக்கா, எந்திரிங்க" என்றாள் ரங்கநாயகி. எங்கே தேடிப் பிடித்தாளோ, கைப்பையிலிருந்து புத்தம்புது உறையில் ஒரு பெரிய பிளாப்பியை எடுத்தாள். "எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு எழுதி வெச்சிருந்தேனுங்க."

போட்டாள். கொக்கியைத் திருப்பினாள். மெஷின் எழுந்தது. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் வரிசையாக எழுந்தன. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. டீச்சர்கள் கை தட்டினார்கள்.

புடவை முந்தானையெல்லாம் தூசி, முழங்கையில் கிரீஸ், அந்தக் கோலத்தோடு சாஜிதா எழுந்து ரங்கநாயகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியையின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இவ மட்டும் இல்லீன்னா இன்னைக்கு என்ற மானமே போயிருக்குமுங்க மேடம். என்னைவிடக் கெட்டிக்காரிங்க இவ."

ரங்கநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாஜிதாவும் அப்படித்தான் நினைத்தாள்.

வியாழக்கிழமை முடிவு தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், நோன்பு என்றதும் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "ரங்கநாயகியைத்தான் எடுத்திருக்கோம்மா" என்றார்.

சாஜிதாவுக்குப் புரியவில்லை. "அவ அப்ளை பண்ணவே இல்லீங்களே மேடம்?"

"ஏன், பண்ணியிருக்காங்களே. ஜனவரி பன்னெண்டாம் தேதியே கொண்டுவந்து என் கையில குடுத்தாங்க. அன்னைக்கு நீங்க ரெண்டு பேருமே பரீட்சைக்கு வந்ததாத்தான் நாங்க நினைச்சோம்." அவர் நல்ல மனுஷி. ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அடுத்ததையும் சொன்னார்: "கமிட்டியில ரெண்டு பேருக்கு உங்களை எடுக்கலாம்னுதான் இருந்துச்சு. பெட்டியைக் கழட்டற தைரியம் உங்களுக்குத்தான் இருக்குன்னாங்க. ஆனா நீங்களே எல்லார் முன்னாலயும் சொன்னீங்களேம்மா, உங்களைவிட அவங்க கெட்டிக்காரின்னு. பெரிய மனசும்மா உங்களுக்கு."

போத்தனூரிலிருந்து காந்திபுரம் வரை பஸ்ஸில் எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஜனவரி பன்னிரண்டு. காளிச்சாமி வீட்டில் ஆஃப்ரினைத் தூக்கி ரயில் காட்டினாளே, அது பதினான்காம் தேதி. கையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு நாள் கழித்து அடுப்பு எந்த மூலையில் என்று யோசனை சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் பாருங்கள், அப்போதுகூட சாஜிதாவின் மனம் அவளுக்கு வக்காலத்து வாங்கியது. கல்யாணம் தட்டிப்போயிருக்கும், பயந்துபோய் எழுதிப் போட்டிருப்பாள், சொல்ல வெட்கப்பட்டிருப்பாள். பிளாப்பி கெட்டதற்கு அவள் என்ன செய்வாள்?

சென்டரில் யாரும் இல்லை. திங்கட்கிழமை சாமான்களைக் கட்டி எடுத்து வந்தது சாஜிதாதான், இரண்டு பெரிய பிளாப்பிகளும் அவள் டிராயரில் இருந்தன. முதலில் தன்னுடையதைப் போட்டாள். படிக்க முடியவில்லை என்றது. நாள்பட்ட டிஸ்க், வியாழக்கிழமை தாங்கியது சனிக்கிழமைக்குள் கைவிட்டிருக்கிறது. பிறகு ரங்கநாயகியுடையதைப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டாள். ரங்கநாயகி புதிதாகத் தட்டெழுதிய துவக்கக் கோப்பின் எதிரே மெஷின் தானாகக் குறித்துக்கொண்ட தேதியும் நேரமும் இருந்தன. பிப்ரவரி மூன்று, மாலை 4.10. சென்டர் மெஷினின் கடிகாரத்தைத் திருத்தி வைப்பவள் சாஜிதா, அது ஒரு நிமிஷம்கூடப் பிசகாது.

தன்னுடைய பிளாப்பியின் லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். பச்சை டிக், 4.25.

நாலு பத்துக்கு நல்லதாக ஒன்று செய்து பையில் போட்டுக்கொண்டு, நாலு இருபத்தைந்துக்குக் கெட்டுப்போனதன் மேல் சரி என்று குறித்திருக்கிறாள். நடுவில் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷமும் அந்த மேஜையில் உட்கார்ந்து அவள் என்ன நினைத்திருப்பாள்? கட்டிய திருப்பூர்க்காரனை விட்டு வந்தபோதுகூட சாஜிதா இப்படி உடைந்ததில்லை. அவன் ஆரம்பத்திலிருந்தே அயோக்கியன், அவனிடம் இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

ரங்கநாயகி படியேறி வரும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள், திரையையும் மேஜைமேல் கிடந்த பிளாப்பியையும் பார்த்தாள். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் சாஜிதா கேட்டாள்.

"இது கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுதான் டிக் போட்டியா?"

ரங்கநாயகி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் எதையும் கெடுக்கலீங்க்கா. அது தானாத்தான் போயிருந்துச்சு."

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"ஆமாங்."

அழுதாள். அழுகையோடு சொன்னாள். காரமடையிலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறார், போத்தனூரில் ரயில்வே வேலை. பொண்ணுக்கும் அங்கேயே நிரந்தர வேலை இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கோவிந்தராஜுலு இரண்டு வருடமாக ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைகிறார், நாலு இடம் தட்டிப்போய்விட்டது. கடைசியாக இதுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே ரங்கா."

"தெரியுமுங்க்கா." ரங்கநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டா குடுத்துப்போடுவீங்கன்னு தெரியும். வாங்கிக்கிட்டு, காலம்பூரா உங்க மூஞ்சியில எப்படிங்க முழிக்கறது? பரீட்சையில செயிச்சேன்னா அது என்றதாப் போயிருமுங்களே."

விட்டுக்கொடுத்தால் கடன்பட வேண்டியிருக்கும், ஏமாற்றினால் கடன் இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நான்கு வருடம் அக்கா அக்கா என்று அழைத்த வாய். சாஜிதா பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நோன்பு திறக்கிற நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தாள். மதினி கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, "வேலை என்னாச்சு?" என்று கண்ணாலேயே கேட்டாள். சாஜிதா தலையை ஆட்டியதும், "போனாப் போகுது, இது உன்ற ஊடு தானே" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். சாஜிதா கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் இரைச்சலில் அழுது தீர்த்தாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் இதையெல்லாம் சொல்லலாமே என்று அண்ணன் ஷாஹுல் கொதித்தார். எதைச் சொல்வது? ஒரு பச்சை டிக்கையா? அதற்கு என்ன மதிப்பு என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கேட்கிறவர்கள், நீயே ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாமே அம்மா என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமாகவே இருக்கும்.

பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வீடு வேண்டாம் என்று சொல்லக் காளிச்சாமியிடம் போனாள். வேண்டாம் என்றாலும் கேளாமல் ஆஃப்ரினும் புதுச் சட்டையோடு கூட வந்தாள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தது, வாசனை தெருவுக்கு வந்தது. காளிச்சாமி வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மணி, வாங்க. நானே ஆள் உடலாம்னு இருந்தேன். வேலை அமையலையாமா, நீங்க வரலையாமா?"

"ஆமாங்க. யார் சொன்னாங்க?"

"அன்னைக்கு உங்ககூட வந்துச்சே ஒரு பொண்ணு, ரங்கநாயகி. அப்பனைக் கூட்டிக்கிட்டு முந்தாநேத்து வந்துச்சு. கல்யாணத்துக்கு அப்பறம் இந்த ஊட்டுக்கே குடி வாரேங்குது. அடுப்பு வெக்கற மூலை மொதக்கொண்டு பாத்து வெச்சிருக்குது." அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வெளியாளுகளுக்கு உடறதுன்னா ஒரு ரோசனைங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னாத்தான் உடுவேன். அந்தப் பொண்ணைக் கேட்டா, சாஜிதாக்காவைக் கேட்டுப் பாருங்க, அவிய என்னைப் பத்திச் சொல்லுவாங்கன்னு உங்க பேரைத்தான் சொல்லுச்சு. நீங்களே சொல்லுங்கம்மணி. எப்படி, நல்ல பொண்ணுங்களா? நம்பிக் குடுக்கலாமுங்களா?"

சாஜிதா அந்த வீட்டின் கதவைப் பார்த்தாள். பச்சை பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஒரு வார்த்தையில் கெடுத்துவிடலாம், இவர் நம்புவார். ஒரு வார்த்தையில் வாழவும் வைத்துவிடலாம், அதையும் நம்புவார். தன்னைப் பற்றிக் கேட்டால் சாஜிதா நல்லதைத்தான் சொல்வாள் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறாள் அந்தப் பாதகத்தி.

"நாலு வருசம் பக்கத்து மேஜையில உக்காந்திருந்தேனுங்க" என்றாள் சாஜிதா. "எனக்கு அவளைத் தெரியாதுங்க."

காளிச்சாமி விழித்தார். ஆஃப்ரின் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மா பொய் சொல்றே? ரங்கா சித்தியை நமக்குத் தெரியுமே."

"தெரியாது கண்ணு" என்று சொல்லி, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.